காலித் தட்டு

நாக்கை அசைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்த நிமிஷத்திலிருந்து திலகவதியின் நாக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை, கால், கழுத்து எல்லாம் சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு போர்வைக்குள் கிடந்தன, இது ஒன்றுதான் அடங்காமல் பல்லுக்குப் பின்னால் எதையோ தேடிப் போயிற்று. ஜன்னல் இல்லாத சின்ன அறை. விளக்கைத் தணித்திருந்தார்கள். ஏசிக் குளிர் எலும்புவரை இறங்கியது. எதிர்ச் சுவரில் ஒரு கேமரா, அதற்குக் கீழே ஒரு ஸ்பீக்கர், கட்டிலோரம் கை எட்டுகிற இடத்தில் அழைப்பு மணியின் சிவப்புப் பொத்தான். ஊசி போட்ட டெக்னீஷியன் வாசலில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருந்தார். "ஒரு மணி நேரம் இப்படியே இருங்கம்மா. பேசக் கூடாது, போன் பாக்கக் கூடாது, எதையும் மெல்லக் கூடாது. எந்தச் சதை வேலை செய்யுதோ மருந்து அங்க ஓடிரும், அப்புறம் படத்துல அதுதான் பளிச்சுனு தெரியும்." மருந்து என்று அவர் சொன்னது சர்க்கரை. கதிர்வீச்சு ஏற்றிய சர்க்கரை. உடம்பிலேயே பெரும்பசிக்காரன் புற்றுக்கட்டிதானாம், சர்க்கரை வந்தால் முதல் பந்தியில் உட்கார்ந்துகொள்ளுமாம், உட்கார்ந்த இடம் படத்தில் விளக்குப் போட்டது போலத் தெரியுமாம். இருட்டாக இருந்தால் கட்டி செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எரிந்தால் எரிகிறது. இந்த இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள்ளத்தான் திண்டுக்கல்லிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பி இந்த மதுரை ஆஸ்பத்திரிக்கு வந்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு படுத்திருக்கிறாள். நாக்கு அதற்குள் கடைவாய்ப் பல்லின் இடுக்கில் ஒரு நாரைக் கண்டுபிடித்துவிட்டது. மெல்லிய நார். நாக்கின் நுனி அதைத் தொட்டதும் இனித்தது. வாழைப்பழமும் வெல்லமும் ஏலக்காயும் கலந்த அந்த இனிப்பு. பஞ்சாமிர்தம்.

இனிப்பு அடங்குவதற்குள் நெஞ்சு அடித்துக்கொண்டது. சாப்பிட்டிருக்கிறாள். நேற்று ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீரைத் தவிர எதையும் தொடாமல் இருந்துவிட்டு, விரலில் குத்தி ரத்தத்தில் சர்க்கரை பார்த்து, "நல்லா இருக்கும்மா, ஊசி வந்ததும் கூப்பிடுறோம்" என்று வெளியே உட்காரவைத்த பிறகு, அந்தக் கொஞ்ச நேரத்தில் சாப்பிட்டிருக்கிறாள். பொய் சொல்லவில்லை. அதுதான் வேடிக்கை. "காலையில ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று டெக்னீஷியன் கேட்டபோது "இல்ல தம்பி" என்று மனசாரச் சொன்னாள். பிரசாதத்தைச் சாப்பாட்டுக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்? சஷ்டி விரதம் இருக்கும்போது அம்மா சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாள், ஆனால் கோயில் பிரசாதம் என்று யாராவது கையை நீட்டினால் கண்ணில் ஒற்றி வாயில் போட்டுக்கொள்வாள், விரதம் கலைந்ததாக யாரும் சொன்னதில்லை. அது வாய்க்குள் போகிறதே தவிர வயிற்றுக்குள் போவதில்லை என்று எல்லோரும் சேர்ந்து வைத்திருக்கும் ஏற்பாடு. ஆனால் ரத்தத்துக்கு அந்த ஏற்பாடு தெரியுமா? வயிற்றுக்குச் சாமி சர்க்கரை, கடைச் சர்க்கரை என்று பிரித்துப் பார்க்கத் தெரியுமா? புது மருந்து ட்ரையல் வேலைகளைப் பார்த்துக்கொள்கிற நஸ்ரின் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். "மேடம், கொஞ்சம் இனிப்பு உள்ள போனாக்கூட உடம்பு உஷாராயிரும். ஊசிச் சர்க்கரையை எல்லாம் சதைக்குத் தள்ளிரும். கட்டிக்குப் போக வேண்டியது போகாது. கட்டி இருக்கும், ஆனா படத்துல மங்கலாத் தெரியும்." எவ்வளவு சாப்பிட்டோம்? ஒரு விரல் நுனி. விரல் நுனியா, விரலின் முதல் கணுவா? அவள் வீட்டுக்காரர் இங்கர்சாலின் விரல் கொஞ்சம் பெரிய விரல்.

அவர்தான் கொடுத்தார். கடவுள் இல்லை என்று ஊர் ஊராகப் பேசிய ஒரு வெள்ளைக்காரரின் பெயரை மாமனார் ஆசையாகப் பிள்ளைக்கு வைத்தார். பிள்ளையும் பெயரைக் காப்பாற்றினார். தாலி இல்லாத கல்யாணம், மேடையில் மாலை மாற்றி, ஆளுக்கொரு பேச்சு. வீட்டில் சாமி படம் கிடையாது. திலகவதி அடுப்படி அலமாரிக்குள் துவரம்பருப்பு டப்பாவுக்குப் பின்னால் ஒரு சின்ன முருகனை வைத்திருந்தாள், அவருக்கும் தெரியும், தெரியாதது போலவே இருந்துகொண்டார், பருப்பு டப்பாவை எடுத்தால் மறுபடி அதே இடத்தில் சரியாக வைத்துவிடுவார். குடும்பம் நடந்ததே அப்படித்தான். அந்த மனுஷன் இன்றைக்குக் காலையில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். இரண்டு பக்கமும் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன டப்பா ஒன்றை எடுத்தார், மூடியைத் திறக்க முடியாமல் வேட்டி நுனியால் பிடித்துத் திறந்தார், விரலை உள்ளே விட்டு எடுத்து நீட்டினார். "ஒரு துளிதான் திலகா. வாயைத் திற." முகத்தில் ஒரு வெட்கம். பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெட்கத்தை அவள் பார்த்ததில்லை. இது யாருடைய கை, இந்தக் கையில் இது எப்படி வந்தது என்கிற திகைப்பில்தான் வாயைத் திறந்தாள். ஊசியாவது, பட்டினியாவது, அந்த நொடியில் ஒன்றும் ஞாபகமில்லை. வேண்டாம் என்று அந்த விரலைத் தட்டிவிட யாரால் முடியும்? அவருக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? நஸ்ரின் சொன்னதை அவரும்தானே பக்கத்திலிருந்து கேட்டார். பக்தியில் புதிதாகச் சேர்ந்தவர், சட்டதிட்டம் பழகவில்லை. சிரிப்பு வந்தது. சிரிக்கக் கூடாது, கன்னத்துச் சதை வேலை செய்யும்.

எத்தனை பேரைப் பிடித்திருக்கிறாள். தராசும் எடைக்கல்லும் சோதிக்கிற முத்திரை ஆய்வாளராகச் சந்தைக்குள் அவள் ஜீப் நுழைந்தால் வெங்காய மண்டியிலிருந்து பூக்கடைவரை தகவல் பறக்கும். தராசுத் தட்டுக்கு அடியில் புளி ஒட்டுவார்கள். கொட்டை எடுத்த புளி, கோலிக்குண்டு அளவு, தட்டின் நிறத்திலேயே இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. அவள் முதலில் சரக்கைப் பார்க்க மாட்டாள், படிக்கல்லைப் பார்க்க மாட்டாள். எல்லாவற்றையும் இறக்கிவைக்கச் சொல்லிவிட்டுக் காலித் தட்டைப் பார்ப்பாள். ஒன்றுமே இல்லாதபோது முள் நடுவில் நிற்கிறதா? நிற்காவிட்டால் அதற்கப்புறம் எதை நிறுத்தாலும் அது கணக்கில்லை. அடியில் விரலை விட்டுத் தடவினால் பிசுக்கென்று கையோடு வரும். "நான் வைக்கலம்மா, சத்தியமா, அதுவா ஒட்டிக்கிச்சு" என்பார்கள். எத்தனை தடவை கேட்டிருக்கிறாள், எத்தனை தடவை "புளிக்கு என்ன கால் முளைச்சிருக்கா?" என்று கேட்டு அபராதம் போட்டிருக்கிறாள். பட்டினி என்பது காலித் தட்டு. நஸ்ரின் அப்படிச் சொல்லவில்லை, இவளாகப் புரிந்துகொண்டது அப்படி. புரிந்துகொண்டதை அவளிடம் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளவும் செய்தாள். இப்போது தட்டுக்கடியில் புளி. அதுவும் சாமி பெயர் சொல்லி வைத்த புளி. நான் வைக்கலம்மா என்று அவளும் சொல்லலாம். அதுவாக ஒட்டிக்கொண்டது. நாக்கே, நீ சும்மா இருந்திருந்தால் எனக்கு இது தெரியாமலேயே போயிருக்கும்.

தெரியாமலே போனால் என்ன? யார் பார்த்தார்கள்? கேமரா உடம்பைப் பார்க்கும், பல்லிடுக்கைப் பார்க்காது. இன்னும் கொஞ்ச நேரத்தில் கூப்பிடுவார்கள், மிஷினுக்குள் போய்ப் படுப்பாள், படம் வரும். கட்டி மங்கலாகத் தெரியும். டாக்டர் சிரித்துக்கொண்டே வருவார், "மருந்து கேட்டிருக்கு" என்பார். மருந்தே கேட்டிருக்கலாம், யார் கண்டது? முதல் தடவை ஆறு சுற்று மருந்து ஏற்றி, முடியெல்லாம் கொட்டி, போய்விட்டது என்று சொன்ன கட்டி வருஷம் திரும்புவதற்குள் கழுத்திலும் அக்குளிலும் வந்து உட்கார்ந்தது. நிணநீர்ப் புற்றான லிம்போமாவில் இது வேகமாக வளர்கிற வகை என்றார்கள். இனிமேல் பழைய வைத்தியம் எடுபடாது, புதிதாக இரண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கிற ஆய்வு ஒன்று நடக்கிறது, விருப்பமிருந்தால் சேரலாம் என்றார்கள். சொட்டுச் சொட்டாக ஏற்றுகிற மருந்து ஒன்று, தினமும் விழுங்குகிற மாத்திரை ஒன்று. ஏற்றுகிற மருந்து ஒரு கையால் உடம்பின் காவல் அணுவையும் இன்னொரு கையால் கட்டியின் அணுவையும் பிடித்துப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்துமாம். "கல்யாணத் தரகர் வேலை" என்றாள் திலகவதி. நஸ்ரினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "மாத்திரை?" "சாக மாட்டேன்னு அந்த அணு அடம் பிடிக்குதுல்ல மேடம், மாத்திரை அந்தப் பிடிவாதத்தைக் குறைக்கும்." தனித்தனியாக இரண்டையும் பார்த்தாயிற்று, சேர்த்தால் எந்த அளவில் வேலை செய்கிறது, எந்த அளவில் ஆளையே படுக்க வைக்கிறது என்பதுதான் இப்போது பார்ப்பது. சிலருக்குக் குறைந்த அளவு, அது தாங்கினால் அடுத்த சிலருக்குக் கொஞ்சம் கூட. இவள் இரண்டாவது கூட்டம். மருந்து ஏற்றிய முதல் ராத்திரி காய்ச்சலில் தூக்கிப் போட்டது, பல் கிட்டித்தது, நர்ஸ்கள் ஓடி வந்தார்கள். அதற்கப்புறம் கழுத்துக் கட்டி சுருங்கியது போலத்தான் இருக்கிறது. தினமும் காலையில் தடவிப் பார்க்கிறாள். ஆனால் அவள் விரல் இப்போது அவளோடு கட்சி சேர்ந்துவிட்டது, அவள் கேட்க விரும்புவதையே சொல்கிறது, அதை நம்பி ஒரு கத்தரிக்காய்கூட வாங்க முடியாது. அதற்குத்தானே மிஷின். சொன்னால் இந்த ஊசி வீண். வேறு நாள் கொடுப்பார்களா? படம் எடுக்க இந்த வாரத்துக்குள் என்று கெடு இருக்கிறது. கெடு தவறினால், விதியை மீறினால், போய்வாருங்கள் என்று சொல்லிவிட்டால்? இதை விட்டால் வேறு வைத்தியம் இல்லை என்று டாக்டர் வாயால் சொல்லவில்லை, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லை, சொல்ல வேண்டாம். வாயை மூடிக்கொண்டு கிட. வாயை மூடிக்கொண்டுதான் கிடக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

கண்ணை மூடினால் டப்பா வருகிறது. மூடியில் படம் இல்லை, மேலே ஒட்டியிருந்த காகிதத்தைச் சுரண்டி எடுத்திருந்தார், எந்த ஊர் என்று தெரியக் கூடாதென்று. பஞ்சாமிர்தத்துக்கு ஊர்ப் பெயர் வேறு வேண்டுமா? எப்போது போனார்? பழனி ஒன்றும் தூரமில்லை, ஆனால் ஆஸ்பத்திரி, வீடு, ஆஸ்பத்திரி என்று ஒரு நாளும் அவளை விட்டு நகரவில்லையே. ஒரு நாள். ஒரே ஒரு நாள் தோழர் வீட்டுத் துக்கம் என்று விடிகாலையில் கிளம்பிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்தபோது தலை மொட்டை. இவள் பதறிப்போய், "என்னங்க இது?" என்றாள். "உனக்கு இப்பதான முளைக்குது, ரெண்டு பேருக்கும் ஒண்ணா வளரட்டும்னுதான்" என்று சிரித்தார். அன்றைக்கு அவள் அழுத அழுகை. தெருவில் எல்லோரிடமும் சொன்னாள், இப்படி ஒரு மனுஷன் உண்டா என்று. ராத்திரி அவர் காதோரம் சந்தன வாசம் அடித்தது, புது சோப்பு போல என்று நினைத்துக்கொண்டாள். சோப்பு இல்லை. மலைமேல் மொட்டை போட்டுச் சந்தனம் பூசிக்கொண்டு, இறங்கி வந்து எங்கோ பஸ் ஸ்டாண்டு குழாயில் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். இத்தனை வருஷம் பேசிய பேச்சையெல்லாம் அந்தக் குழாயடியில் விட்டுவிட்டு வந்திருக்கிறார், இவளுக்காக, இவளிடமே மறைத்து. திலகவதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. காதுப் பக்கம் வழிந்தது, துடைக்கக் கூடாது. இப்போது போய், உங்கள் பஞ்சாமிர்தத்தால் எல்லாம் கெட்டது என்று அந்த மொட்டைத் தலைக்கு எப்படிச் சொல்வது? மனுஷன் உடைந்துபோவார். முருகன் காப்பாற்றுவான் என்று போனவர், நானே கெடுத்துவிட்டேன் என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருப்பார். அப்படியானால் சொல்லாமலே இருந்துவிடலாம். சொல்லாமல் இருந்தால் நல்ல சேதி வரும். வந்து? ராத்திரி படுத்தால் தூக்கம் வருமா? இருட்டாக இருந்தது மருந்தாலா, பஞ்சாமிர்தத்தாலா? அடுத்த படம் வரைக்கும், அதற்கடுத்தது வரைக்கும், தட்டுக்கடியில் புளி இருக்கிற தராசில் தன்னையே நிறுத்துவிட்டு நம்பிக்கொண்டிருக்க வேண்டும். கட்டி உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும், இவள் எல்லோருக்கும் இனிப்பு கொடுத்துக்கொண்டிருப்பாள். போன வாரம் காத்திருக்கிற இடத்தில் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தாரே, லாரி ஓட்டுகிறவர், கட்டி தெரியாமல் கழுத்தைச் சுற்றித் துண்டு போட்டிருந்தார். அவர் மூன்றாவது கூட்டம். "மாத்திரை கசக்குமாக்கா?" என்று அவர் கேட்டார். இந்த வயசில் மனுஷன் கேட்கிற கேள்வியா என்று நினைத்தாள், ஆனால் அந்தக் கண்ணைப் பார்த்தால் அவர் கேட்டது கசப்பைப் பற்றி இல்லை. "நாங்க தேறிட்டா உங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடக் குடுப்பாங்க" என்று இவள் சொன்னாள். அவருக்கு எவ்வளவு கொடுப்பது என்று இவள் படத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். இவளும் இன்னும் இரண்டு மூன்று பேரும். பொய் எடையில் வாங்கிப் போகிறவன் முகம் தெரியாதவரை வியாபாரிக்குக் கவலையில்லை. இவளுக்கு முகம் தெரியும், துண்டின் கரைகூடத் தெரியும். கை தானாகப் போய்ச் சிவப்புப் பொத்தானை அழுத்தியது.

ஸ்பீக்கர் கரகரத்தது. "என்னம்மா, பாத்ரூமா? கையை அசைக்காதீங்க."

"தம்பி, நான் சாப்பிட்டேன்."

"எப்ப?"

"வெரல்ல குத்திப் பாத்தீங்கல்ல, அதுக்கு அப்புறம். ஊசிக்கு முன்னாடி."

"நான் கேட்டேனேம்மா!"

"கேட்டீங்க."

நஸ்ரின் ஓடி வந்தாள். கதிர் இருப்பதால் உள்ளே வராமல் வாசலிலேயே நின்று மூச்சு வாங்கினாள். "என்ன மேடம் சாப்பிட்டீங்க?" பஞ்சாமிர்தம் என்றதும் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள். எவ்வளவு என்று கேட்டாள், திலகவதி தன் விரலில் காட்டினாள், கூட்டவும் இல்லை குறைக்கவும் இல்லை. "யாரு குடுத்தா?"

"அதையும் எழுதணுமாம்மா?"

நஸ்ரின் அவளைப் பார்த்தாள். "வேணாம். சாப்பிட்டாங்கன்னு எழுதினாப் போதும்." போனை எடுத்துக்கொண்டு நடையில் அந்தக் கோடிக்குப் போனாள். குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. இப்போது அசையலாம், யாரும் தடுக்கவில்லை, ஆனாலும் திலகவதி அசையாமல் கிடந்தாள். அவ்வளவுதான், முடிந்தது, வீட்டுக்குப் போகச் சொல்லிவிடுவார்கள். கழுத்துக் கட்டிமேல் நாடி துடிப்பது காதுக்குள் கேட்டது. நஸ்ரின் திரும்பி வந்தபோது அவள் செருப்புச் சத்தத்திலிருந்தே எதையாவது கண்டுபிடிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

"டாக்டர் இன்னைக்கு வேணாம்னுட்டார். எடுத்தாலும் அந்தப் படத்தை நம்ப முடியாதாம். நாளன்னைக்கு மறுபடி மருந்து வரவழைக்கிறோம், கெடுவுக்குள்ளதான் வருது." "ட்ரையல்ல இருந்து எடுக்க மாட்டாங்க மேடம். எனக்குத்தான் நல்ல திட்டு."

"என்னால உனக்குத் திட்டு. மன்னிச்சுக்கம்மா. எங்க வீட்டுக்காரர்கிட்ட மட்டும் சொல்லிராத."

வெளியே இங்கர்சால் பெஞ்சில் இல்லை, கதவுக்கு நேராக நின்றிருந்தார். மொட்டைத் தலையில் நரைமுடி அரிசி அளவுக்கு முளைத்திருந்தது. "அதுக்குள்ள முடிஞ்சிருச்சா?"

"மிஷின்ல ஏதோ கோளாறாம். நாளன்னைக்கு வரச் சொல்லிட்டாங்க."

இத்தனை வருஷ உத்தியோகத்தில் ஒரு பொய் எடைக்கும் முத்திரை குத்தாதவள், முகம் மாறாமல் சொன்னாள். அவர் உட்கார்ந்துவிட்டார். "அப்ப இன்னைக்குத் தெரியாதா?"

"தெரியாது."

தலையைத் தடவிக்கொண்டார். பிறகு தரையைப் பார்த்தபடி, யாரோ சொல்வது போலச் சொன்னார். "ஒரு வகைக்கு நல்லதுதான். இன்னைக்கு அஷ்டமி."

திலகவதிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இன்னும் இரண்டு ராத்திரி. உள்ளே இருப்பது எரிகிறதா அணைகிறதா என்று தெரியாமல் இன்னும் இரண்டு ராத்திரி இவர் பக்கத்தில் படுத்திருக்க வேண்டும். பயமாக இருந்தது, காலையில் இருந்ததைவிட அதிகமாகவே இருந்தது. அவர் சட்டைப் பையில் டப்பா துருத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தாள்.

"அதைக் கொண்டாங்க, பசிக்குது. நாளன்னைக்கும் எடுத்துட்டு வாங்க. ஆனா ஸ்கேன் முடிஞ்சு நான் வெளிய வந்தப்புறம்தான் குடுக்கணும். முன்னாடி வேணாம்."

"ஏன்?"

"வேண்டுதல். நானும் ஒண்ணு வேண்டியிருக்கேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். நானும் என்று அவள் சொன்னது அவர் காதில் விழுந்துவிட்டது. கழுத்துவரை சிவந்தார். என்ன வேண்டினாய் என்று கேட்க வாயெடுத்து, கேட்கக் கூடாது போலிருக்கிறது என்று தானாகவே அடக்கிக்கொண்டார். வேட்டி நுனியால் பிடித்து மூடியைத் திறந்தார்.

"தள்ளி நில்லுங்க. உடம்புல கதிர் இருக்கு, சாயங்காலம் வரைக்கும் பக்கத்துல வரக் கூடாது. டப்பாவை பெஞ்சுல வைங்க, நானே எடுத்துக்கிறேன்."

"இருக்கட்டும்" என்று அவர் இன்னும் கிட்டத்தில் வந்து விரலை நீட்டினார். திலகவதி வாயைத் திறந்தாள். இந்தத் தடவை நன்றாக மென்று, நாக்கைச் சுழற்றி, பல்லிடுக்கில் ஒரு நார்கூட மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள்.